கட்டில் காலுக்குச் செங்கல்

அம்மா மாரி-ரோஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பொலேத் கட்டில் கால்களுக்கு அடியிலிருந்த செங்கற்களை உருவி, கொல்லையில் வாழை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள்.

"ஏம்மா, இந்தச் செங்கல் என்ன பாவம் செஞ்சுது?"

"கட்டில் ஏன் உயரத்துல நிக்குதுன்னு வீடு பார்க்க வர்றவர் கேட்டா, என்னடி சொல்றது?"

பொலேத்துக்குப் பதில் தெரியும். சைகோனில் அவர்கள் தெரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. மழைக்காலத்தின் கடைசியில், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஆற்றுத் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வரும். சுவரில் ஒரு பழுப்புக் கோட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போகும். அந்தக் கோட்டைத்தான் அம்மா மறைத்துக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வரச் சொன்னதுகூட, தண்ணீர் ஏறாத அரைநிலா நாளாகப் பார்த்துத்தான்.

உள்ளறையில் அப்பா லெயோன் இருமினார். பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், இப்போது எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். "இந்த ஈரம் இவருக்கு ஆகாது, ஊருக்குக் கூட்டிப் போங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு விற்றால்தான் காரைக்காலுக்குக் கப்பல் ஏற முடியும். ஆனால் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் கோட்டைக் கண்டதும் திரும்பிப் போனார்கள். அம்மா இப்போதெல்லாம் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியிலேயே அழுதுவிடுகிறார்.

மாலையில் அகுஸ்தேன் வந்தார். புதுச்சேரியிலிருந்து புதிதாக வந்தவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன மகள் ஜூலியேத்தும் வந்தாள்.

"பொன்ழூர் முசே, வாங்க," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் அம்மா.

அவர் ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். கரையான் இருக்கிறதா என்று கதவு நிலையைக் குடைக் காம்பால் குத்தினார். சுவரைத் தட்டினார்.

"சுண்ணாம்பு வாசனை அடிக்குதே, மதாம்?"

"ஆள் வர்றப்போ வீடு சுத்தமா இருக்கணுமில்ல?" அம்மா சிரித்தார்.

ஜூலியேத் ஒரு மூலையில் தன் துணிப் பொம்மையைத் தரையில் படுக்க வைத்தாள்.

"நானும் பாப்பாவும் இங்கதான் பாய் போட்டுத் தூங்குவோம். கட்டில்ல படுத்தா நான் விழுந்துடுவேன்."

பொலேத் அந்த மூலையைப் பார்த்தாள். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வராது. இருட்டில் பூனைபோல வரும். போன வருஷம் கூடையோடு செத்துக் கிடந்த கோழிக்குஞ்சுகள் அவள் கண்முன் வந்தன.

உள்ளே அப்பா இருமினார்.

'மாதாவே, நான் என்ன செய்ய?' என்று கண்ணை மூடினாள். பிறகு கொல்லைக்கு ஓடிப்போய் ஒரு செங்கல்லோடு வந்தாள்.

"தரையில படுக்காதே ஜூலியேத்து. ராத்திரியில தண்ணி உள்ளே வரும். தாழ்வா ஒரு கட்டில் போட்டு, காலுக்கு இதை வெச்சுக்கணும்."

"எவ்வளவு வரும்?" என்று கேட்டார் அகுஸ்தேன்.

பொலேத் தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தொப்பியை எடுத்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா திட்டவில்லை. சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னை அடிச்சுடும்மா."

"அடிச்சா கப்பல் வருமாடி?"

உள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அந்தப் புள்ள தரையிலதான் படுப்பேன்னு சொல்லுச்சா?"

"ஆமாம்பா."

"அப்போ நீ சொன்னது சரிதான்." அதற்குமேல் பேச மூச்சு இல்லாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளக்கேற்றக்கூட அம்மா எழுந்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அகுஸ்தேன்தான், மகளோடு.

"இதே தெருவுல இன்னும் சில வீடுங்களப் பார்த்தேன், மதாம். சொட்டுத் தண்ணி வராதுன்னு மாதா மேல சத்தியம் பண்றாங்க. ஒரு வீட்டுல கட்டில் காலே அழுகி நொண்டுது!"

அம்மா தலை நிமிர்ந்தார்.

"வேலைக்குப் பக்கமா எனக்கு இந்தத் தெருதான் தோது. தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான். தரையை மேடாக்கிக்கிறேன். ஆனா அந்தச் செலவைக் கழிச்சுத்தான் விலை தருவேன்."

"அப்போ கப்பல்ல அறை எடுக்க முடியாதே..." என்று இழுத்தார் அம்மா.

"அறை எதுக்கு?" என்றார் அப்பா உள்ளிருந்து. "மேல்தளத்துலயே படுத்துக்கலாம், காத்து நல்லா வரும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினார்.

ஜூலியேத் பொலேத்தின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "பாப்பாவோட கட்டிலுக்கும் கல்லு வேணுமா?"

"வேணாமா பின்னே?"

பொலேத் அவளை வாழை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். இருவரும் குனிந்து, உடைந்த செங்கல் சில்லுகளில் ஒரே உயரமாக நான்கைத் தேடத் தொடங்கினார்கள்.