பேர் மட்டும் வேண்டாம்

அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நேசகுமாருக்கு அது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆடிக் கிருத்திகை முடிந்து, மலையிலிருந்து கூட்டம் வடிந்துகொண்டிருந்த மதியம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவனுடைய டாட்டூ கடை. திருவிழா தொடங்கியதிலிருந்து அங்கே ஏறி வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வித்தாளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். வலிக்குமா? ஊசியைக் கையில் வைத்திருப்பவனிடமே இதைக் கேட்பார்கள். எத்தனை நாளில் ஆறும்? குளிக்கலாமா? கறி சாப்பிடலாமா? போலீஸ் செலக்‌ஷனில் தூக்கிவிடுவார்களா? ரத்த தானம் பண்ண முடியாதாமே? இதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தவர் கிடையாது. கடைசியில், வேலும் மயிலும் குத்தி முடித்து, படியிறங்கிப் போய், மறுபடி மூச்சு வாங்க ஏறி வந்து ஒரு கேள்வி: "புடிக்கலன்னா அழிச்சிக்கலாம்லண்ணா?"

கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதைப் போல அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். வலிக்கும். ரெண்டு வாரம். சோப்பு வேண்டாம், வெயில் வேண்டாம், சொறியக் கூடாது. தேங்காய் எண்ணெய் வைக்காதீங்க, மஞ்சள் வைக்காதீங்க, உங்க அத்தை சொல்ற எதையும் வைக்காதீங்க. முக்கியமாக, பேர் மட்டும் வேண்டாம். காதலி பேர் குத்திக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அதை மறைக்க அவனிடமே திரும்பி வந்தார்கள். அவன் மேலே ரோஜா வரைந்து அனுப்பினான். இந்த ஊர் ரோஜாக்களில் பாதிக்கு அடியில் யாரோ ஒரு ஷோபனா இருக்கிறாள்.

அவன் தூங்கி ரெண்டு மாதம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. பகலில் தூங்கி ராத்திரியில் ஊரை எழுப்பும் ரகம்.

அதனால்தான், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாற்காலியில் கண்ணை மூடியவன், அந்த அம்மா எப்போது உள்ளே வந்தாள் என்று கவனிக்கவில்லை. அந்த இரும்புப் படியில் பூனை ஏறினாலே டங்கென்று கேட்கும். கண் திறந்தபோது அவள் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை நீட்டிவைத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடிப்பு கலையாத புதுப் புடவை. நெற்றியில் வட்டமாகக் குங்குமம். தலையில் நிறையப் பூ, ஓரமெல்லாம் பழுப்பேறியது. நகக்கண்ணில் செம்மண். வயல் வேலை செய்கிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும்.

"எந்த ஊரும்மா?"

"ஆர்.கே.பேட்ட பக்கம், நைனா. சுலோச்சனா."

அவள் உதடு அதிகம் அசையவில்லை. தாடை பிடித்துக்கொண்டதுபோல் பல்லுக்கு நடுவே பேசினாள். பல் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் கையுறையை மாட்டினான்.

"சாப்ட்டீங்களா? வெறும் வயித்துல குத்தினா தல சுத்தும்."

"கொஞ்சம் அரிசி. வாயில போட்டாங்க."

கோயிலில் ஏதாவது கொடுத்திருப்பார்கள்.

"சுகரு, பிரஷரு எதுனா?"

"ரெண்டும் இருந்துச்சு. இப்ப இல்ல."

"பரவால்லயே. எப்ப சரியாச்சு?"

"போன வெள்ளிக்கெழம."

"மாத்திர போட்டுக்கினு இருக்கீங்களா?"

"நிறுத்திட்டாங்க."

எல்லாமே சரியான பதில்கள். அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. என்ன டிசைன் என்று கேட்டான்.

"பேரு."

அவன் பெருமூச்சு விட்டு, தன் பிரசங்கத்தை ஆரம்பித்தான். பேர் வேண்டாம்மா. மனுஷங்க மாறுவாங்க, தோல் மாறாது. ஒரு பூ, ஒரு ஓம், ஒரு வேல், எது வேணாலும்...

"எங்க பாவா பேரு," என்றாள் அவள். "மாமன் மவன். அவரத்தான் கட்டிக்கினேன். வெங்கடேசன். கீழ குந்திக்கினு இருக்காரு பாரு."

ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். துளசிங்கத்தின் டீக்கடை பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். மொட்டைத் தலை. சந்தனம் பூசவில்லை, மீசையையும் சேர்த்து வழித்திருந்தது. கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது, அவர் குடிக்கவில்லை. இந்த ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது.

"மலைக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?"

"ஏறக் கூடாதில்ல. கீழயே நின்னுக்கினோம்."

மிஷினை ஆன் செய்தான். மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதுபோன்ற அந்த ரீங்காரம் அறையை நிரப்பியது. போனோடு இணைத்து மூலையில் வைத்திருந்த புளூடூத் ஸ்பீக்கரில் மெதுவாக ஓடிய பாட்டும், கீழே பள்ளிப்பட்டு பஸ்ஸுக்காகக் கத்திக்கொண்டிருந்த ஜனமும், மலை ஒலிபெருக்கியின் கரகரப்பும் அதற்கடியில் அமுங்கிப்போயின. அவள் மணிக்கட்டைப் பிடித்தபோது கையுறையைத் தாண்டி விரல் சில்லிட்டது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டைப் பிடித்ததுபோல. வெளியே அனல் பறந்துகொண்டிருந்தது. சந்தனமும் ரோஜாவும் கலந்த வாசனை அவளிடமிருந்து வந்தது, அதற்கும் அடியிலிருந்து, பூச்சாடியில் வாரக்கணக்கில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை ஒன்று மெல்ல எழும்பி, டெட்டாலை மீறி அவன் தொண்டைக்குள் இறங்கியது.

'வெ' முடிந்தது. டிஷ்யூவால் துடைத்தான். கறுப்பு மட்டும் வந்தது.

ரத்தம் இல்லை. சிலருக்கு வராது. ஆனால் ஊசி பட்ட இடம் சிவக்காமல் யாருக்கும் இருந்ததில்லை. அவள் தோல் ஊறவைத்த அட்டைபோல ஊசிக்கு வழிவிட்டு, மையை உறிஞ்சி, அப்படியே கிடந்தது. கீழே பெரியவர் இருமினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல நைனா. நீ குத்து."

'ங்'. 'க'. ஒவ்வொரு எழுத்து முடியும்போதும் கீழே இருமல். அவன் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டாவியை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

"எதுக்கும்மா இந்த வயசுல?" பேச்சுக் கொடுத்தால் தூக்கம் வராது என்பதற்காகக் கேட்டான்.

"போறப்ப நகய கழட்டிக்கிறாங்க. காசு பணம் வராது. பச்ச குத்தினது ஒண்ணுதான் கூட வருமாம்," என்றாள். "அவுருக்குத் தனியா ஒரு காப்பி போட்டுக்கத் தெரியாது நைனா. சொக்கா எங்க இருக்குதுன்னு தெரியாது. வுட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல."

அவன் சிரித்தான். புருஷன்மேல் இத்தனை பாசமா என்று.

அப்போது மேஜைமேல் கிடந்த போனில் மெசேஜ் வந்து திரை ஒளிர்ந்தது. வால்பேப்பரில் குழந்தை, பொக்கை வாயுடன். அந்த அம்மாவின் தலை மெதுவாகத் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

"ஒங்களுதா?"

"ஆங். ரெண்டு மாசம்."

"பேரு?"

"இன்னும் வைக்கலம்மா. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம், இன்னிக்கு சாய்ந்தரத்துக்குள்ள பேர் சொல்லணும்னு ஆயரு சொல்லிட்டாரு. எங்கம்மா மார்த்தாள்னு வைக்கணும்ன்றாங்க. வூட்டுக்காரி கூகுள்ல தேடிக்கினு இருக்கா. முடிவு பண்ணிட்டு போன் பண்றேன்னா."

"எங்களுக்குப் பொறக்கல." மேஜைமேல் விரல் நீண்டு, போன் திரையில் குழந்தையின் கன்னம் இருந்த இடத்தைத் தடவியது. "இந்த மலய எத்தினி வாட்டி ஏறியிருப்போம். அவுரு ஒருத்தர வச்சிக்கினு அங்க நான் என்னா பண்ணுவேன், சொல்லு. வூடு நிறைய வேணாமா?"

"அங்கன்னா எங்க?"

விரல் குழந்தையின் நெற்றிக்கு நகர்ந்தது.

"பேரு வைக்கட்டும்," என்றாள். "நான் இருக்கேன்."

'டே' முடிந்தது. இருமல். 'ச'. நீளமான இருமல், முடிவில் ஒரு விசில். அவன் ஊசியை எடுக்கத்தான் நினைத்தான். ஆனால் ஒரு பேரைக் கடைசி எழுத்தில் விட்டுவிட்டு எழுந்திருக்க கைக்குப் பழக்கமில்லை. ரெண்டு மாதத் தூக்கம் பாக்கியிருந்த அந்தக் கை, அவனைக் கேட்காமலே, 'ன்' என்று சுழித்து மேலே புள்ளி வைத்தது.

கீழே கண்ணாடி கிளாஸ் உடைந்தது.

யாரோ கத்தினார்கள். பெஞ்சு சாய்ந்தது. "டேய் நேசா! நேசா!" துளசிங்கத்தின் குரல். அவன் மிஷினை அணைத்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினான்.

"சீக்கிரம் எறங்கி வாடா! பெரியவரு சாஞ்சிட்டாரு!"

"அண்ணா, அவுரு வூட்டம்மா இங்கதான் இருக்காங்க, நான் சொல்லி..."

"எந்த வூட்டம்மா?" துளசிங்கம் பெரியவரின் மார்பில் கை வைத்தபடி அண்ணாந்தான். "வெள்ளிக்கெழமதான் பொதச்சாராம்டா. புள்ளகுட்டி இல்ல, கொள்ளி தூக்கறதுக்கு ஆள் இல்ல, நானே மொட்ட போட்டுக்கினு எல்லாம் பண்ணேன்னு இவ்ளோ நேரம் என்னாண்ட அழுதுக்கினு இருந்தாரு. தீட்டு, மலயேற முடியாது, கீழயே கும்புட்டுட்டுப் போறேன்னாரு... ஏய், மூச்சு இல்லடா. நேசா, மூச்சு இல்ல!"

ஜன்னல் கம்பி சுட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். திரும்ப வேண்டாம் என்று தோன்றியது. முதுகில் அந்த வாடை வந்து படிந்தது.

வாயில் அரிசி. வெள்ளிக்கிழமை. நிறுத்திட்டாங்க.

திரும்பினான்.

அவள் எழுந்திருக்கவில்லை. குத்தி முடித்த வலது கையை மடியில் வைத்திருந்தாள். இடது கையைத் திருப்பி, உள்பக்கம் மேலே தெரியும்படி, மேஜையில் நீட்டியிருந்தாள். வெளுத்த, காலியான கை. இப்போதுதான் நெற்றி சரியாகத் தெரிந்தது. அது குங்குமம் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி எடுத்த வட்டம். கீழே, கால் பெருவிரல்கள் ரெண்டும் கயிற்றின் தடத்தோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுக்குக் குட்டிப் பேரா இருந்தா போதும்," என்றாள்.

போன் அடித்தது.

அவன் மனைவி, ஸ்வீட்லின்.

அவள் விரலுக்கும் போனுக்கும் ஒரு ஜாண் இருந்தது. அவன் பாய்ந்து போனை எடுத்தான். கட் பண்ணலாம். பண்ணினால் உடனே மெசேஜில் பேரை அனுப்புவாள், அது திரையில் பெரிதாக வந்து நிற்கும். சொல்லிவிட வேண்டும். பேரைச் சொல்லாதே, எழுதாதே, ஆயரிடமும் சொல்லாதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போ. ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, இரும்புப் படியில் தடதடவென்று பாதி இறங்கினான். கையுறையைப் பல்லால் இழுத்து எறிந்தான். பச்சைப் பொத்தானைத் தேய்த்துக் காதில் வைத்தான்.

"ஸ்வீட்டி, நான் சொல்றத மொதல்ல கேளு, பேரு மட்டும்..."

காதில் எதுவும் கேட்கவில்லை.

மேலே, அவன் விட்டு வந்த அறைக்குள், மூலையிலிருந்த ஸ்பீக்கரில், ஸ்வீட்லினின் குரல் சந்தோஷமாக, சத்தமாகப் பேசியது. "இருங்க, இருங்க, நான் மொதல்ல சொல்லிடறேன்! முடிவு பண்ணியாச்சி. அத்தையும் ஒத்துக்கினாங்க."

"சொல்லாத!" படியில் நின்று கத்தினான். "ஸ்வீட்டி, சொல்லாத!"

"ஜெமிமா! நல்லா இருக்குதில்ல? ஜெ-மி-மா."

குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

மிஷின் ஓட ஆரம்பித்தது.

எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. ஷட்டர் முதுகைக் கிழித்தது. சுவரோரம் விழுந்து, பிளக்கைப் பிடித்து, வயரோடு சேர்த்துப் பிடுங்கினான். ஸ்விட்ச் போர்டில் பொறி பறந்தது. ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது.

பிளக் அவன் கையில் இருந்தது.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மிஷின், அவன் பிடிக்கிற அதே மாதிரி. இவ்வளவு நேரம் பார்த்துப் பழகியிருக்கிறாள். நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதுவதுபோல, இடது கைமேல் நிதானமாக இழுத்தாள். கோணல்தான். ஆனால் ஆழம். கொம்பு முடிந்திருந்தது. 'ஜ' முடிந்திருந்தது. 'மி'யின் சுழியைப் போட்டுவிட்டு, ஊசியை எடுக்காமல், அடுத்த எழுத்துக்குப் போனாள்.

"ஏம்மா," என்றான். "ஏம்மா, வேணாம்மா."

அவள் துணைக்காலை மேலிருந்து கீழே இழுத்து முடித்தாள். டிஷ்யூவை எடுத்துத் துடைத்தாள். கையை ஏந்தி, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட ஆரம்பித்தாள்.

ஸ்பீக்கரில் அழுகை நின்றது.

"அட," என்றாள் ஸ்வீட்லின், சிரித்துக்கொண்டே. "பேர் வச்சதும் தூங்கிட்டா பாருங்க."