ஸ்ட்ரெச்சர் இல்லாத வண்டி

அந்த வண்டியில் ஸ்ட்ரெச்சர் கிடையாது. அதைக் கழற்றி, அது ஓடுவதற்காகத் தரையில் பதித்திருந்த இரண்டு இரும்புச் சட்டங்களையும் அறுத்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டவனே வெற்றிவேல்தான். ஆனாலும் அன்று காலையிலிருந்து, ஜவ்வாது மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு அவன் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே சறுக்கிப் போய்ப் பூட்டில் விழும் சத்தம். ஒன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவனுக்கு அது தூக்கத்திலும் தெரியும். நோயாளியை ஏற்றியாகிவிட்டது, வண்டியை எடு என்று அர்த்தம்.

“இன்னாங்க, திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?” என்றாள் அவன் மனைவி ஜெயசுதா. “வூட்ட ஒருத்தரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க.”

“அடுப்பு ஆடுதோன்னு பாத்தேன்.”

அவன் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, தான் ஓட்டிய வண்டியையே எடுத்துக்கொண்டான். வெள்ளையை அழித்துப் பச்சை அடித்தான். உள்ளே கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முன்சீட்டுக்குப் பின்னால் பூப்போட்ட திரை. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு முன்னால் நாமே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவோம் என்று கிளப்பியது ஜெயசுதா. எட்டு வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை; இப்போது ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்தால் கலசப்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டரும் போய் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. ஏரிக்கரையில் ஒரு இரவு, அருவிப் பக்கம் ஒரு இரவு. பங்குனி மாதம், புங்கமரமெல்லாம் புதுத்தளிர், இலுப்பைப் பூ வாசனை வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குத்தான் ஜெயசுதா சட்டென்று கையை நீட்டினாள்.

“இங்க நிறுத்துங்க. அந்தப் புளியமரத்தடியில. எவ்ளோ அழகா இருக்கு!”

அவன் நிறுத்தவில்லை. கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது.

“எனக்கு இடுப்பு வலிக்குதுங்க.”

நிறுத்தினான். வேறு என்ன சொல்ல முடியும்? இந்த மரம் வேண்டாம், எனக்கு இந்த மரத்தைத் தெரியும் என்றா?

மரத்தடியில் ஒரு நடுவயதுப் பெண் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மாள் என்று பேர் சொன்னாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“வூட்ட வுட்டுட்டு ஊரு சுத்துவாங்க. நீங்க வூட்டையே ஓட்டிக்கிட்டு வர்றீங்களே! கக்கூஸும் உள்ளயே கீதா?”

“அது மட்டும் இல்லீங்க,” என்று ஜெயசுதாவும் சிரித்தாள்.

“அப்ப மேல எங்க வூட்டுக்கு வா தாயி. மாசமா இருக்கற பொண்ணு. சாமச்சோறும் புளிக்கொழம்பும் துன்னுட்டுப் போலாம்.” கூடையை இடுப்பில் வைத்தவள், வெற்றிவேலைப் பார்த்துச் சற்று நின்றாள். “இந்த வண்டி முன்ன ஒருக்கா இங்க வந்துதாங்க? சத்தம் கேட்ட சத்தமா கீது.”

“இல்லீங்க. இதான் மொத தடவ.”

பொய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஜெயசுதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் மலைக்கு வந்து போனது அவளுக்குத் தெரியும். எதற்காக மறைக்கிறான் என்பதுதான் தெரியாது.

“ரேடியேட்டருக்குத் தண்ணி புடிச்சிக்கிட்டு வர்றேன்,” என்று கேனை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான்.

கேன் நிரம்பிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், இதே மரத்தடியில் வண்டியை நிறுத்தி அவன் காத்திருந்தான். மேலே உள்ள ஊருக்குச் சாலை கிடையாது. கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, அதில் நோயாளியைப் படுக்கவைத்து, நாலு பேர் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். அன்று அவன் கிளம்புவதற்கு முன் போனில் பேசியவன் சடையன். பிரசவ வலியில் இருந்தவள் அவன் மனைவி நீலாவதி. “எறக்கிட்டு வர்றோங்க. டார்ச் அடிக்கிறோம். பாத்துட்டு அங்கியே இருங்க.”

இருபது நிமிடம் இருந்தான். மறுநாள் கண்ணமங்கலத்தில் மச்சானுக்கு நிச்சயதார்த்தம். ராத்திரிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். மழை வலுத்தது. வண்டியை எடுத்தான்; கீழே டவர் கிடைத்ததும் ‘நோயாளி வரவில்லை’ என்று ஆபீசுக்குச் சொன்னான். தாயும் வயிற்றுப் பிள்ளையும் இந்த மரத்தடியிலேயே போய்விட்டார்கள் என்பதை இரண்டு நாள் கழித்து டீக்கடையில் கேள்விப்பட்டான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. ஆபீசுக்குச் சொன்னதை அவனும் தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லி நம்பப் பார்த்தான்.

ஆனால் வண்டியைத் திருப்பும்போது சரிவில் ஒரு வெளிச்சம் இடதும் வலதுமாக ஆடியதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போனான்.

கோடைத் தூறல் முகத்தில் விழுந்தபோதுதான் நேரம் உறைத்தது. மேலே ஏறி வந்தபோது மணி ஆறரையை நெருங்கியிருந்தது. தூறல் நின்று, சூடான மண்ணிலிருந்து ஆவி கிளம்பி, அது மெல்ல மெல்லப் பனியாகி மரத்தையும் வண்டியையும் பாதி விழுங்கியிருந்தது. புளிக்கூடையையும் பெரியம்மாளையும் காணோம். வண்டியின் பின்கதவு சாத்தியிருந்தது. டிரைவர் சீட்டில் ஏறினான். திரை இழுத்து மூடியிருந்தது. ஓரத்து இடுக்கில், கட்டில்மேல் தலையோடு போர்த்திப் படுத்திருந்த உருவம் தெரிந்தது.

வண்டிக்குள் இலுப்பை வாசனை இல்லை. டெட்டால் வாசனை. அதற்கு அடியில் ஈர மண்.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் எழுந்ததும். எல்லாவற்றையும்.

அப்போதுதான் சரிவில் வெளிச்சம் தெரிந்தது.

பனிக்குள் மஞ்சளாக, சின்னதாக. இடது. வலது. இடது. வலது.

கண்ணை மூடித் திறந்தான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கீழே வந்திருந்தது. கூடவே ஆட்கள் மூச்சு வாங்கும் ஓசை. நாலு பேர் ஒரே சீராக அடி எடுத்துவைக்கும் சத்தம். யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். அவன் பெயரா? காதைப் பொத்திக்கொண்டான்.

“சுதா,” என்றான். திரும்பாமலே. “கெளம்பலாமா?”

திரைக்குப் பின்னால் கட்டில் முனகியது.

“ம்.”

அது போதும். சாவியைத் திருப்பினான். ஹெட்லைட் வெளிச்சம் பனியில் முட்டி அவன் முகத்துக்கே திரும்பியது. முதல் வளைவு. இரண்டாவது. பின்னால் கத்தல் தேய்ந்தது. மூன்றாவது. பெண் குரல் ஒன்று மட்டும் விடாமல் துரத்தியது. பிறகு அதுவும் இல்லை.

ஐந்தாவது வளைவில் போனுக்கு டவர் கிடைத்தது. டிங். டிங். டிங்.

ஜெயசுதாவிடமிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. ஒரு குரல் செய்தி. அனுப்பிய நேரம் ஆறு பத்து.

அவன் வண்டியை நிறுத்தினான். டவரே இல்லாத மரத்தடியில், பின்னால் படுத்திருந்தவள் எப்படி அனுப்பினாள்? விரல் அதுவாகவே அழுத்தியது.

“ஏங்க... நான் அந்தப் பெரியம்மாள் வூட்டுக்கு மேல வந்தேங்க. உங்கள எவ்ளோ கூப்பிட்டேன், ஓடையில கேக்கலியா? இங்க மட்டுந்தான் டவர் கெடைக்குது. எனக்கு... வயிறு வலிக்குதுங்க. ரத்தம் மாதிரி... பயமா கீது. நாலு பேரு டோலி கட்டி எறக்கிட்டு வர்றாங்க. வண்டிய ரெடியா வையுங்க...”

பக்கத்தில் ஒரு ஆணின் குரல். மூன்று வருடமாக அவன் காதுக்குள் குடியிருந்த குரல்.

“டார்ச் அடிக்கிறோம்னு சொல்லும்மா. பாத்துட்டு அங்கியே இருக்கச் சொல்லு.”

செய்தி முடிந்தது.

பனி சற்று விலகியிருந்தது; அவன் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தான். வெகு மேலே, புளியமரத்தடியில், அந்த வெளிச்சம் வந்து சேர்ந்திருந்தது. இப்போது அது ஆடவில்லை. தரையில் வைத்தது போல ஒரே இடத்தில் நின்றது.

திரும்ப வேண்டும். வண்டியைத் திருப்ப வேண்டும். கியர் மேல் வைத்த கை நகரவில்லை.

ஏனென்றால், பின்னால் மூச்சு கேட்டது.

ஈரமான, இழுத்து இழுத்து விடும் மூச்சு. அதன் அடியில் இன்னொன்று. மிகச் சின்னது.

கட்டில் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு. சொட்டு. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், பின்னால் பூப்போட்ட திரை ஒரு சாண் விலகுவது தெரிந்தது. செம்மண் ஏறிய நாலு விரல்கள். உடைந்த கண்ணாடி வளையல். அதற்கு அப்பால், அவன் வாங்கிப் போட்ட போர்வைக்குள், நிறைமாத வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

டக்.

“இன்னும் எவ்ளோ தூரங்க, ஆஸ்பத்திரி?” என்றது குரல், மரியாதையாக.

மலைமேல் அந்த வெளிச்சம் அணையாமல், அசையாமல், அவன் வண்டிக்காகக் காத்திருந்தது.