புகை போகாத கூண்டு

"சுவேதா! ஏய்... கண்ண தொறடி!"

ரோஸ்லினின் அலறலில் உறுவையாற்றுத் தெருவே விழித்துக்கொண்டது.

நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கதவைத் திறந்தால் ஹால் முழுக்கப் புகை. குளிர்காயும் கணப்பின் பக்கத்தில், அறைத்தோழி சுவேதா போர்வைக்குள் பேச்சு மூச்சில்லாமல்...!

ஆம்புலன்ஸ் போன அரை மணியில் ஜீப் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சுகன்யா கணப்புக்குள் ஒரு காகிதத்தைக் கொளுத்தினாள். மேலே போக வேண்டிய புகை அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"புகைக்கூண்டு அடைச்சிருக்கு. யாரோ வேணும்னே..."

"யாரோ இன்னா மேடம்? இவதான்!" பாய்ந்தார் வீட்டுக்காரர் சாமிநாதன். கொடைக்கானலில் பார்த்த ஆசையில், வாடகை வீட்டு ஹாலில் கணப்பு கட்டிய மகானுபாவர்! "எனக்கு வீசிங்கு, இனிமே கொளுத்துனா குழாய அடைச்சிடுவேன்னு நேத்து தெருவே கேக்க கத்துனா!"

ரோஸ்லின் கத்தியது உண்மைதான்.

"கோவத்துல சொன்னது மேடம்! நான் மேல ஏறவே இல்ல..."

"அந்தப் பொண்ணு கண்ணு முழிக்கலன்னா இது கொலக் கேஸு. புரியுதா?" சுகன்யா அதட்டினாள்.

ரோஸ்லினுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலரை எடுத்தாள். அது கைதவறி உருண்டது. யாரும் எடுத்துத் தரவில்லை.

"நடேசன்! மாடியில ஏறிப் பாருங்க."

ஏட்டு நடேசன் ஏறினார். மேலேயிருந்து குரல் வந்தது.

"மேடம்! குழாய் வாயில ஒரு பானைய கவுத்து, கம்பி போட்டு கட்டியிருக்கு!"

கரி படிந்த பானை கீழே வந்தது. கோரைப் பல்... தொங்கும் நாக்கு... முறைக்கும் கண்...

திருஷ்டிப் பானை!

"ஐயோ, அத ஏன் எடுத்தீங்க?" சாமிநாதன் பதறினார். "நேத்து அமாவாசைன்னு நான்தான் கட்டுனேன்! போறவன் வர்றவன் கண்ணெல்லாம் இந்தக் குழா மேலதா..."

பேச்சு பாதியில் நின்றது. முகம் வெளிறியது.

"பொக எப்பிடி வெளிய போவும்னு யோசிக்கவே இல்லியா?" சுகன்யா பல்லைக் கடித்தாள்.

செல்போன் அலறியது. எடுத்துக் கேட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணு முழிச்சிட்டா!"

ரோஸ்லின் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"சாமிநாதன்... ஜீப்புல ஏறுங்க."

"ஊரு கண்ணு படக்கூடாதுன்னுதான் மேடம்..."

வாசலில் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கவலப்படாதீங்க சார்! இப்ப யாருமே குழாய பாக்கல... ஊரு கண்ணு மொத்தமும் உங்க மேலதான்!"