சின்ன ஜன்னலில் பார்ப்பவர்

“ஏய் குட்டி, ஜன்னலைச் சின்னதாக்கி வச்சுக்கிட்டா பாக்கற? என் திரை ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா வருது!” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினான்.

“நான் முழுசாத்தான் வச்சிருக்கேன். முதல்ல போய் உன் கண்ணைக் காட்டு.”

“அப்ப நம்ம ஆபீஸ் பெருசுதான் போன்ல பாக்குது. பாக்கட்டும், பாத்தாவது வேலை கத்துக்கட்டும்.”

அந்த ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தளத்தில், கணினிப் பிரிவில், அண்ணன் தங்கை இருவருக்கும் அடுத்தடுத்த மேசைகள். ஆபத்தான வேலை என்றால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கட்டளைகளைத் தட்டுவார். இன்னொருவர் தன் மேசையிலிருந்தே அதே டெர்மினலுக்குள், அதாவது அந்தக் கட்டளைத் திரைக்குள், நுழைந்து, விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்ப்பவர்களில் யாருடைய கணினியில் அந்த ஜன்னல் சிறியதோ, அந்த அளவுக்கு எல்லோருக்கும் திரை சுருங்கிவிடும். மிச்ச இடத்தைப் புள்ளிகள் அடைத்துக்கொள்ளும்.

அன்று நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புது இயந்திரத்துக்கு மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கடைசியாக ஒரு வரி தட்டினான். முன்னால் # குறி போட்டால் இயந்திரம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது; அண்ணனும் தங்கையும் அப்படித்தான் அரட்டை அடிப்பார்கள்.

# டீ வாங்கிட்டு வரேன் குட்டி. இதை மூடிடாத.

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் ஏறிப் போனது. சாலையைக் கடக்கும்போது நடுவில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தானாம். லாரி ஓட்டுநர் அப்படித்தான் சொன்னார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஓய்ந்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். அவன் நாற்காலியில் பிரிண்டர் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் பெருசு என்று கூப்பிடும் பிரிவுத் தலைவர் அவள் உட்காரும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“செத்தவன் லாகினை இன்னும் எத்தனை நாளைக்கும்மா திறந்தே வச்சிருப்ப? அந்தப் பழைய மெஷினை நிறுத்தியாகணும்.”

“சாயங்காலத்துக்குள்ள நிறுத்திடறேன் சார்.”

“சாயங்காலமா? நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள. அழுகையெல்லாம் வீட்டோட வச்சுக்க.”

எல்லோரும் மேலே சாப்பிடப் போனார்கள். இயந்திரத்தை நிறுத்தினால் அண்ணன் கடைசியாகத் தட்டிய வரியும் அதோடு போய்விடும். அதை அவன் விட்டுப்போன இடத்திலேயே ஒருமுறை பார்க்க வேண்டும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பார்வைக்கு மட்டும் என்று அவன் டெர்மினலுக்குள் நுழைந்தாள். தரை துடைத்த ஃபினாயில் வாடை இன்னும் ஈரமாகவே இருக்க, தலைக்கு மேல் குழல்விளக்கு வண்டுபோல ரீங்கரிக்க, லிஃப்ட் எந்த மாடியிலோ கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயந்திர அறையின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, கறுப்புத் திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. டீ வாங்கிட்டு வரேன் குட்டி. அவள் போனை எடுத்தாள்.

திரையின் வலது ஓரத்தில் புள்ளிகள் இறங்கின.

அவளுடைய ஜன்னல் முழு அளவில்தான் இருந்தது. இன்னொரு ஜன்னலைத் திறந்து, அந்த டெர்மினலை யார் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அண்ணனுடையது. அவன் பெயருக்கு எதிரே, நுழைந்த இடமாக, இயந்திர அறைக்குள் இருக்கும் பழைய இயந்திரத்தில், அந்த சர்வரிலேயே நேராகச் செருகியிருக்கும் கீபோர்டைக் காட்டியது. அந்த அறையின் சாவி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஓடும் அந்த ஒரே இயந்திரத்தின் பச்சை விளக்குகள் சிமிட்டின. ஆள் இல்லை.

கீழிருந்தும் புள்ளிகள் ஏறத் தொடங்கின. திரை சுருங்கச் சுருங்க அண்ணனின் வரி மேலே தள்ளப்பட்டு, விளிம்பைத் தொட்டு, மறைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற ஜன்னலில், இன்னொருவரை வெளியேற்றும் கட்டளையைத் தட்டினாள். திரை சட்டென்று விரிந்தது. வரி திரும்பி வந்தது. மூச்சு விட்டாள். போனைத் தூக்குவதற்குள் மறுபடியும் புள்ளிகள். இந்த முறை இன்னும் நெருக்கமாக. திரை ஒரு கதவிடுக்கின் அகலத்துக்கு வந்து நின்றது.

அந்த இடுக்கில் எழுத்துகள் விழுந்தன. ஒவ்வொன்றாக.

# குட்டி

அந்த # குறிக்குப் பின்னால் இடைவெளி இரண்டு முறை விழுந்து, ஒன்று அழிந்ததை அவள் பார்த்தாள். ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் இரண்டு முறை அடித்துவிட்டு ஒன்றை அழிப்பது அண்ணனின் பழக்கம். ஆயிரம் முறை கிண்டல் செய்திருக்கிறாள். பார்வைக்கு மட்டும் என்பதை விலக்கிவிட்டுத் தானும் தட்டினாள்.

# அண்ணா?

அவள் தட்டியது கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அழிந்தது. அவசரமே இல்லாமல், சுவரில் ஒட்டியதைச் சுரண்டுகிற மாதிரி.

# உன்னை யாரு கேட்டா

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

# யாரு பாக்கறதுன்னு அவனும் கேட்டான்

# ரோட்டுக்கு வந்ததும் கூப்பிட்டு என்னைக் காட்டினேன்

மேசைத் தொலைபேசி அலறியது. அவள் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள்.

“நிறுத்தியாச்சா?” பெருசின் குரல், வாயில் சோற்றோடு.

“சார், உள்ளே யாரோ இருக்காங்க. அண்ணன் பேர்ல…”

“உனக்கு என்ன பைத்தியமா? போய் பிளக்கைப் பிடுங்கும்மா!”

தொலைபேசியை வைத்தாள். திரையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

# வா

அவள் ஓடிப்போயிருக்கலாம். படிக்கட்டு பத்தடியில்தான் இருந்தது. ஆனால் அந்த இடைவெளி விடும் பழக்கம் அண்ணனுடையது. அதை யாரோ அவன் கையிலிருந்து உரித்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. சாவியைத் திருப்பினாள்.

குளிர் முகத்தில் அடித்தது. சூடேறிய தூசியின் வாடை. மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம். தட். தட்தட். தட்.

பழைய சர்வரின் திரையும் கீபோர்டும் வைக்கும் இழுப்புத் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் திரை ஒளிர்ந்தது. கீபோர்டு அதில் இல்லை. அதன் ஒயர் மட்டும் சர்வரின் முதுகிலிருந்து கிளம்பி, இயந்திரங்களை அடுக்கும் இரண்டு இரும்பு ரேக்குகளுக்கு நடுவே உள்ள இடுக்குக்குள் போயிருந்தது. உள்ளங்கையைக்கூட நுழைக்க முடியாத இடுக்கு. ஒயர் தொய்வே இல்லாமல், கட்டி இழுத்த கயிறு மாதிரி விறைத்து நின்றது.

சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

“அண்ணா,” என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

நின்றது.

உள்ளே இருட்டு. பிறகு இருட்டுக்குள் ஈரமாக ஏதோ ஒன்று மினுங்கியது. அவள் முழங்கால் உயரத்தில். அது இமைக்கவில்லை.

தட்டில் இருந்த திரையில் புள்ளிகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. நடுவில் ஒற்றை எழுத்துக்கான இடம். அங்கே அவள் பெயரின் முதல் எழுத்து. குட்டி இல்லை. அண்ணன் ஒருநாளும் கூப்பிடாத, சான்றிதழ்களில் மட்டும் இருக்கும் பெயர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

மின்விசிறிகள் இறங்கின. திரை அணைந்தது. இரைச்சல் முழுதும் வடிந்து, அறை கிணறுபோல ஆனது. இடுக்கிலிருந்து அந்த ஸ்பேஸ் பாரின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தட்தட். அழி.

தட்தட். அழி.

பழைய சர்வரை எடுத்துப்போக ஆட்கள் பிறகு வந்தார்கள். ரேக்குகளை நகர்த்திப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒருவர் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “இந்தப் பக்கம் இழுத்தா, அந்தப் பக்கமும் இழுக்குதும்மா,” என்றார். வெட்டிவிடலாமா என்று கேட்டதும் பெருசே அவர்களை வெளியே வரச் சொல்லிவிட்டார். அறையைப் பூட்டிவிட்டார்கள்.

அவள் இப்போதும் அண்ணன் மேசைக்கு அடுத்த மேசையில்தான் வேலை பார்க்கிறாள். கண்ணாடி வழியே தெரிகிறது. ஒயர் தொய்யவில்லை.