யாருக்காகவோ நகர்ந்த சீட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறவர்கள் வண்டியை ரிப்பேர் செய்ய வருவதில்லை. பேச வருகிறார்கள். யார் எந்தப் பழைய காரை மலிவாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள், எவன் யார் தலையில் ஓட்டை வண்டியைக் கட்டினான், எந்த வருடத்து என்ஜின் உழைக்கும் என்று வாய் ஓயாமல் பேசுவார்கள். கல்யாண நாளை மறந்தாலும் ஆயில் மாற்றிய நாளை மறக்காத கூட்டம் அது.

அதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் சர்வேயர். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கார்களோடு கிடந்தும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாத மனிதர். யார் வண்டியில் ஏறினாலும் நேராகப் பின் சீட்டுக்குப் போய்விடுவார். மற்றவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பழைய காரில் ஒரு திருகாணி மாறியிருந்தால்கூட "இது ஒரிஜினல் இல்ல" என்று மூக்கைச் சுளிப்பதால் ஒரிஜினல் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சர்வேயர் வாயைத் திறப்பதற்குள் இவர் மூன்று முடிவுகளுக்கு வந்துவிடுவார், மூன்றும் வேறு வேறாக இருக்கும்.

அன்று விடாத தூறல். ஒரு வெளிர்நீலக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் நெட்டையான ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். இறங்கிக் கதவைச் சாத்தியதும் காரை விட்டு விலகிப்போய் நின்றுகொண்டாள். தன் சொந்தக் காரிடம் யாரும் அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. மறுபக்கம் அவளுடைய அண்ணன் இறங்கினார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர், முகத்தில் சலிப்பு.

"இங்க சர்வேயர் சார் யாரு?" என்று கேட்டாள் அவள். "வண்டியைப் பாத்தே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுவாருன்னாங்க."

"உக்காரும்மா. என்ன நடந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை சார் எனக்கு. இதை வாங்கி மூணு மாசம் ஆகுது. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, ஓட்டுற சீட்டு முன்னால இழுத்துவிட்டிருக்கு. நடுக் கண்ணாடி திரும்பியிருக்கு. கதவெல்லாம் பூட்டினது பூட்டினபடி. கிலோமீட்டர் ஏறவே இல்ல. ஒரு மருந்து வாசனை மட்டும் இருக்கு."

"தினமுமா?"

"திங்கள், வியாழன் மட்டும்."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒரு பேங்க் ஆபீசர். அவங்கம்மா ஓட்டின வண்டி. அம்மா போயிட்டாங்க, வீட்டுல ஓட்ட ஆளில்லன்னாரு." அவள் குரல் தாழ்ந்தது. "அம்மா ரொம்பக் குள்ளமாம். சீட்டை நல்லா முன்னால இழுத்துக்கிட்டுத்தான் ஓட்டுவாங்களாம்."

ஷெட்டில் இருந்தவர்கள் காரின் முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய கார் வாங்குகிற எவருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. முன்பு ஓட்டியவர் முழுசாகப் போய்விட்டாரா என்று. அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

"அந்த வீட்டுல வேற யாரையாவது பாத்தீங்களா?" என்றார் சர்வேயர்.

"பாக்கல சார். வெளியவே நின்னு பேசினோம். உள் ரூம் கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. ஸ்டூல் மேல நீட்டின ஒரு கால் மட்டும் தெரிஞ்சுது. அவங்கப்பான்னாரு."

அண்ணன் பொறுமை இழந்தார். "சார், நான் சொல்லிடறேன். இவ புருஷன் தவறின பிறகு ஒரு வருஷம் தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்தா. மாத்திரை மருந்துன்னு அலைஞ்சு மீட்டுக் கொண்டுவந்தோம். இப்ப மறுபடி ஆரம்பிச்சிருச்சு. இவளே சீட்டை இழுத்துவிட்டுட்டு மறந்துடறா. வண்டிய வித்துட்டு, வேலையை விட்டுட்டு எங்க வீட்டுல வந்து இருன்னு சொல்றேன்."

அவள் அண்ணனைப் பார்க்காமல் சர்வேயரிடம் சொன்னாள். "வண்டியில பேய் இருந்தாக்கூடப் பரவாயில்ல சார். என் தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு யாராவது சொன்னாப் போதும்."

இதற்குள் ஒரிஜினல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றக் கிளம்பிவிட்டார். கூட்டமும் பின்னாலேயே போனது.

"பின் பம்பர் ரெண்டு தடவை பெயின்ட் ஆகியிருக்கு. பெரிய அடி இல்ல, மெதுவாப் போய் இடிச்சது. முன்னாடி ஒரு கீறல் இல்ல, பின்னாடி மட்டும் இப்படி. இங்க பாருங்க, ஓட்டுறவருக்குப் பக்கத்து சீட்டோட கதவு. ஜன்னல் கண்ணாடியில போட்டிருக்கிற வருஷம் மத்ததோட ஒத்துப்போகல. வேற வண்டியில இருந்து கழட்டி மாட்டின கதவு. ஒரிஜினல் இல்ல."

"ஏமாத்திட்டான் அந்த பேங்க்காரன்," என்றார் மெக்கானிக். அடுத்த பத்து நிமிடம் பேயை மறந்து கதவைப் பற்றியே பேசினார்கள்.

சர்வேயர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "வியாழக்கிழமை எப்படி இருந்துச்சு, காட்ட முடியுமா?"

"கண்ணாடியை நான் தொடவே இல்ல சார். நீங்க பாக்கணும்னு அப்படியே விட்டுட்டேன். சைடு கண்ணாடியை வச்சே ஓட்டிட்டு வந்தேன். சீட்டு இருந்த இடத்துல சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன்." அவள் சீட்டை அந்தக் கோடு வரை இழுத்துவிட்டாள்.

ஒருவர் மாற்றி ஒருவராக அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட, எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: குள்ளமான ஆள் ஓட்டியிருக்கிறது. கடைசியாக ஒரிஜினல் உட்கார்ந்தார். சர்வேயர் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து, அந்த மாற்றுக் கதவுக்குப் பின்னால் இருந்த மூலையில் சாய்ந்துகொண்டார். முன்னால் வராத வாசனை அங்கே வந்தது. வலிக்குத் தேய்க்கிற தைலம். எதிர்ப்பக்கத்துக் கதவின் உள்புறத்தில், சீட் உயரத்தில், செருப்பு உரசி உரசித் தேய்ந்த ஒரு வட்டம் தெரிந்தது.

நிமிர்ந்தார். கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ சாவு விபத்துகளைப் பார்த்த மனிதர் சட்டென்று கதவுப் பிடியைப் பற்றினார். பிறகுதான் அவை ஒரிஜினலின் கண்கள் என்று புரிந்தது.

"தம்பி, கண்ணாடியில உனக்குப் பின்னாடி ரோடு தெரியுதா?"

"இல்ல சார். உங்க மூஞ்சிதான் தெரியுது. நான் குள்ளமா இருந்தா தெரியும்."

"குனிஞ்சு பாரு."

ஒரிஜினல் குனிந்தார். நெளிந்தார். தோளைக் குறுக்கிப் பார்த்தார். "அப்பவும் நீங்கதான் சார் தெரியறீங்க."

சர்வேயர் இறங்கி வந்து கேட்டார், "வண்டிச் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அண்ணன்கிட்ட."

ஒரிஜினலுக்கு அது போதும். "முடிஞ்சுது சார். தங்கச்சியைப் பயமுறுத்தி வீட்டோட கொண்டுபோய் வச்சுக்கணும். இன்னொரு சாவி இவர் கையில."

"யோவ், என்ன பேசற?" என்று அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் தங்கையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணன்தான் செய்திருப்பான் என்ற நினைப்பில் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. பைத்தியம் என்பதைவிட அது அவளுக்குத் தேவலாம். அண்ணன் கையை இறக்கிக்கொண்டார்.

"அவர் இல்ல," என்றார் சர்வேயர். "பயமுறுத்த நினைக்கிறவன் கண்ணாடியைக் குள்ளமான ஆளு ஓட்டறதுக்கு ஏத்த மாதிரி திருப்புவான். இது ஓட்டறதுக்குத் திருப்பின கண்ணாடியே இல்ல. நீங்க எல்லாரும் வண்டி ஓட்டறவங்க. ஏறினா முதல்ல ஸ்டியரிங் முன்னாடி போய் உக்காருவீங்க. எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால பின்னாடி உக்காந்தேன். பின்னாடி இருக்கிற ஆளோட முகம் தெரியறதுக்காகத்தான் இதைத் திருப்பியிருக்காங்க."

"அப்படி வச்சுக்கிட்டு யாராவது ஓட்டுவாங்களா?" என்றார் மெக்கானிக்.

"இந்தம்மா இன்னிக்கு ஓட்டிட்டு வந்தாங்களே. முன்னாடி போறப்ப சமாளிச்சிடலாம். ரிவர்ஸ்லதான் மாட்டிக்கும். பின் பம்பருக்கு ரெண்டு தடவை ஏன் பெயின்ட் அடிச்சாங்கன்னு இப்பத் தெரியுதா? பேங்க்காரரோட அம்மா இப்படித்தான் ஓட்டியிருக்காங்க. பின்னாடி யாரோ உக்காந்திருப்பாங்க. ஏன் பக்கத்துல உக்காரல? கால் மடங்காது. சீட்டுக்குக் குறுக்க நீட்டித்தான் வைக்கணும். அந்தச் செருப்பு எதிர்க் கதவைத் தேய்ச்சிருக்கு."

"ஸ்டூல் மேல இருந்த கால்," என்றாள் அவள்.

"ஆமாம்மா. அவங்க வீட்டுக்காரர். உங்க ஆஸ்பத்திரியில திங்களும் வியாழனும் மட்டும் என்ன நடக்கும்?"

அவள் யோசித்தாள். "எங்க பிளாக்குலயா? கை கால் பயிற்சிக்கு வெளி நோயாளிங்க வர்றது அந்த ரெண்டு நாள்தான்." சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

ஒரிஜினல் விடவில்லை. "சாவி இல்லாம எப்படி சார் உள்ள போவாரு?"

"நீதானே தம்பி கண்டுபிடிச்ச? அந்தக் கதவு ஒரிஜினல் இல்லன்னு. அம்மா, உங்க சாவியை அதுல போட்டுத் திருப்புங்க."

அவள் போட்டாள். சாவி நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை.

"வேற வண்டிக் கதவு, அதோட பூட்டும் சாவியும் தனி. மூணு மாசமா நீங்க யாரும் வெளியில இருந்து அந்தப் பக்கத்துல சாவி போட்டுத் திறந்ததே இல்ல. விக்கிறப்ப பையன் என்ஜின் சாவியைத்தான் கணக்குல வச்சிருக்கான். இது அவங்கப்பா சாவிக்கொத்துலயே தங்கிடுச்சு. கதவு மட்டும் திறக்கும், வண்டி கிளம்பாது. அதான் கிலோமீட்டர் ஏறல. பழைய வண்டி, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குமிழ். உள்ள கையை விட்டா மத்ததைத் திறந்துக்கலாம், போறப்ப அமுக்கிட்டுப் போகலாம்."

"எல்லாம் வாய்ப்பேச்சு," என்றார் அண்ணன். முன்பிருந்த வேகம் குரலில் இல்லை. "நான் கண்ணால பாக்கணும்."

"நாளைக்குத் திங்கள்," என்றார் சர்வேயர்.

மறுநாள் மதியம் எக்ஸ்ரே பிரிவின் ஜன்னலில் அவள், அண்ணன், சர்வேயர், ஒரிஜினல் நான்கு பேரும் நின்றார்கள். வெளியே ஈரமான சிமென்ட் தரை, வரிசையாகக் கார்கள். ஒரு பெரியவர் தடியூன்றி வந்தார். மடங்காத காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்தார். மாற்றுக் கதவைத் திறந்தார். சுற்றிப்போய் ஓட்டுகிற சீட்டை முன்னால் இழுத்துவிட்டார். கண்ணாடியைத் திருப்பி, கைக்குட்டையால் துடைத்தார். பிறகு பின் சீட்டில் ஏறி, காலை நீட்டி, கதவைச் சாத்திக்கொண்டார். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. நடுவில் நிறுத்தி, எதையோ காதில் வாங்குவது போலத் தலையைச் சாய்த்தார். சிரித்தார். முன் சீட் காலியாக இருந்தது.

பேய் இல்லை என்று நிரூபணம் ஆன பிறகும் ஒரிஜினலுக்கு அந்த முன் சீட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. அந்த ஒரு வருடம் தானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

அவள் கதவைத் திறந்ததும் பெரியவர் தடுமாறினார். "மன்னிச்சுடும்மா. நான் எதையும் எடுக்கல. பயிற்சிக்கு வந்தப்ப வண்டி நிக்கிறதைப் பாத்தேன். கையில சாவி இருந்துச்சு."

"சீட்டை ஏன் அப்படியே விட்டுட்டுப் போனீங்க?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"நான் தள்ளி வச்சா, அவ எழுந்து போயிட்ட மாதிரி ஆயிடும்மா. பேசிக்கிட்டேதான் ஓட்டுவா. நான் தூங்கிட்டேனான்னு கண்ணாடியில பாத்துப்பா. வீட்டுல இப்ப யாரும் பேசறதில்ல." அவர் சாவியை நீட்டினார். பிறகுதான் அவருக்கு வேறொரு பயம் வந்தது. "எம் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு முடிவு பண்ணி எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவான்."

ஒரிஜினல் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சர்வேயர் அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

அவள் சாவியை வாங்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி நின்றாள்.

"அண்ணா, ஐயா கேக்கறாரு. நீங்க பதில் சொல்லுங்க."

அண்ணன் ஈரத் தரையைப் பார்த்தார். அந்த நீட்டிய காலைப் பார்த்தார்.

"சொல்லமாட்டோம் ஐயா. உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகல."

அதைப் பெரியவரிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது தங்கையை.