மரநாயோடு ஓர் உரையாடல்

இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: மனிதரும் வனவிலங்கும் மொழியின்றி உரையாடும் புது யுகம், கரமனையில் ஒரு வாடகை வீட்டு மாடியறையில் பிறந்துவிட்டது. நிகழ்ச்சி அழைப்பிதழ் அப்படித்தான் முழங்கியது. தேய்ந்துபோன முழங்காலோடு அந்த யுகத்தைச் சுமந்துகொண்டிருந்தவள் ரத்னாபாய். முன்தீர்மானம் இல்லாமல் உடல் போன போக்கில் ஆடுவது அவள் கலை. தலைக்கு மேலே மரமச்சில் குடியிருக்கும் மரநாய் தன் ஒவ்வோர் அடிக்கும் பதிலடி வைப்பதாக ஒரு பேட்டியில் அவளே சொல்லித் தொலைத்திருந்தாள். இனி ஆடித்தான் ஆக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்ததோ, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுப்பது.

வனத்துறையினர் மரநாயைக் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டுபோன மறுநாளும் மச்சில் காலடி கேட்டது.

"மரப்பட்டி போச்சுன்னா எலி வந்திருக்கும். அதுக்கும் ஒரு பொன்னாடை போத்திரு" என்று சொல்லிவிட்டு, அவள் கணவன் நேசையன் கஞ்சி வைக்கக் கீழே போனான்.

அந்தி மழை ஓட்டில் சொட்டி ஓய்ந்திருந்தது. ஈரப் பலகையின் மக்கிய வாடையும், அதனூடே மரநாய் இருந்தபோது வீசிய அதே வெந்த அரிசி மணமும் மெல்ல இறங்கி அறையை நிறைக்க, அவள் இடது காலை வைத்தாள். மேலே ஓர் அடி. வலது காலை வைத்தாள்; மேலே ஓர் அடி. எலிக்கு இத்தனை கனம் ஏது என்று தோன்றியது. அதைத் தொடர்ந்து யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. ஜோடியாக ஆடும்போது களைத்தவர் முன்னடியை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். அவள் உள்ளங்கைகளை மச்சை நோக்கி விரித்தாள்.

"இனி நீ நடத்து. என்னால முடியல்ல."

மேலே ஓர் அடி விழுந்தது. பிறகுதான் அவள் கால் எழுந்தது.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. கால் தானாகப் போயிற்று. வலிகூட வேறு யாருடையதோ போல. போதும் என்று கும்பிட்டு முடிக்கப் பார்த்தாள்.

கை எழவில்லை.

மேலே நடந்தால் நடந்தாள். நின்றால் நின்றாள். மூச்சும் அப்படியே. மேலே இருந்தது மூச்சை இழுத்தபோது மட்டும்.

"ரத்னா, கஞ்சி ஆறுது, கேட்டியா" என்று கீழிருந்து நேசையன் கூப்பிட்டான்.

கத்த நினைத்தாள். உதடு அசையவில்லை.

"தா வாறேன்" என்றது மச்சு. அவளுடைய குரலில்.

மச்சிலிருந்து படிக்கு இறங்கும் சின்னக் கதவு கிறீச்சிட்டது. காலடி இறங்கியது. படி படியாக. அவசரமில்லாமல்.

ஒற்றைக் காலைத் தூக்கியபடி அவள் நின்றாள். அடுத்த அடியைத் தர மேலே யாரும் இல்லை.

கீழே நாற்காலி இழுபட்டது. நேசையன் ஏதோ சொல்ல, அவளுடைய சிரிப்பு கேட்டது.

கஞ்சி இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.