எதிர்ப்பக்கம் இல்லாத ஜெட்

முதலில் அதைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் அவள் நினைத்தாள். கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் வட்டப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்ததும் சாய்ந்திருந்தது. அதற்கடுத்ததும் அதே பக்கம்தான்.

அறைக்கு நேர் கீழே, பூமிக்குள் வெகு ஆழத்தில் ஒரு குகை. அதில் ஒரு மாடிக் கட்டடம் அளவுக்குப் பெரிய கருவி. அதன் நடுவில் புரோட்டான்கள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும், முட்டிய இடத்திலிருந்து துகள்கள் கொத்துக் கொத்தாகப் பீச்சியடிக்கும். அந்தக் கொத்துக்கு ஜெட் என்று பெயர். ஜெட்டுகளைப் படிப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. நேருக்கு நேர் மோதிக்கொண்டவற்றுக்குப் பக்கவாட்டில் போகும் வேகம் ஏது? ஆகவே ஒரு பக்கம் ஒரு ஜெட் பாய்ந்தால் எதிர்ப்பக்கம் அதைச் சரிக்கட்ட இன்னொன்று பாய்ந்தே தீர வேண்டும். பாயவில்லையென்றால், கண்ணில் படாத ஏதோ ஒன்று கருவியின் சுவரைத் தாண்டி வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். அது போன திசையைக் கணினி ஒரு சிவப்பு அம்பாகப் போட்டுக் காட்டும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. நியூட்ரினோ என்று ஒரு துகள் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போவதே அதற்குப் பிழைப்பு. ஆனால் அது ஒருமுறை மேலே போகும், ஒருமுறை கீழே போகும், அதன் இஷ்டம். இப்படி வரிசை கட்டிக்கொண்டு ஒரே பக்கம் போகாது. அம்புகள் எல்லாம் வட்டத்தின் கீழ்ப்புறத்து வலது மூலையைக் காட்டின. அந்த மூலைக்கு வெளியே, கருவியை ஒட்டி, இரும்புக் கிராதி போட்ட ஒரு நடைபாதை போகிறது. அவளுடைய கணவர் விழுந்து கிடந்த இடம் அது.

ஷிப்டுக்குத் தலைவரான பெரியவர் பின்னால் வந்து நின்றார். எந்நேரமும் பிளாஸ்க்கும் கையுமாகத் திரிவதால் எல்லாருக்கும் அவர் பிளாஸ்க் சார்.

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அம்பு எல்லாம் ஒரே பக்கம் போகுது சார்."

அவர் எட்டிப் பார்த்தார். "அங்க ரெண்டு மூணு செல் செத்திருக்கும். அதுல விழறது கணக்குல வராதுல்ல, காணாம போன மாதிரிதான் தெரியும். அந்தப் பக்கத்த மூடிரு. முதல்ல டீ குடி." சொல்லிவிட்டு ஒரு கோப்பையை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருந்திருக்கலாம்மா நீ" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஏதுமில்லை. கருவியின் சுவர் முழுக்கச் செல் எனப்படும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் தன்மேல் வந்து விழுவதை அளக்கும். சில அறைகள் கெட்டுப்போனால், அந்தப் பக்கத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கு மூடுவது என்று பெயர். மூடிய பிறகு அந்தப் பக்கம் அம்பு காட்டும் மோதல் எதுவும் திரைக்கே வராது. தினமும் யாராவது எதையாவது மூடுவார்கள். யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

அவள் அறைகளைச் சோதித்தாள். ஒன்றுகூடக் கெடவில்லை. எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே குளிர்காலத்து மாலை சீக்கிரமாகவே மங்கிக்கொண்டு வந்தது; வெப்பக் காற்று வரும் துளையிலிருந்து சூடேறிய தூசியின் வாசனை; பக்கத்து மேசைகளில் விசைப்பலகைகளின் சடசடப்பு; அதற்கும் அடியில், மேசையோரத்து இன்டர்காம் பெட்டியில், குகையிலிருந்து வரும் மெல்லிய இரைச்சல். அந்த இரைச்சலைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் வேறொரு சத்தம் இருந்தது. கனத்த பூட்ஸ் இரும்புக் கிராதியில் பதியும் சத்தம். கொஞ்ச தூரம் போகும், நிற்கும், திரும்பி வரும்.

மோதல் நடக்கும்போது குகைக்குள் ஆள் இருக்க முடியாது. ஒரு கதவு திறந்தாலும் எல்லாம் தானாக நின்றுவிடும்.

அவளுக்கு அந்த நடை தெரியும். இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கும் நடை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறாள். இப்போது பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. பெட்டியில் வாயை வைத்து, "ஏங்க?" என்று கேட்டுவிட்டாள். நடை நின்றது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்க் சாரும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. இனி ஒரு வார்த்தை பேசினால் கையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனநல மருத்துவரிடம் போ என்பார்கள், மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பார்கள்.

அவள் அந்த மூலையை மூடினாள்.

உடனே திரை சரியாகிவிட்டது. ஜெட்டும் எதிர் ஜெட்டுமாக, லட்சணமான படங்கள். இன்டர்காமில் வெறும் இரைச்சல். வாசலில் வந்து நின்ற மனிதரின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் அவளுக்கு இருந்தது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

டீ தீருவதற்குள் அம்புகள் திரும்பி வந்துவிட்டன.

இந்த முறை வேறு திசை. மேலே, இடதுபுறம். முன்பைவிட நீளமாக இருந்தன. கருவியின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, குகையின் சுவர். சுவருக்கு அப்பால் பாறை. பாறையைக் கடந்து சாய்வாக மேலே ஏறிக்கொண்டே போனால்... அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வயல்வெளிக்கு அந்தப் பக்கம், தூரத்தில், குடியிருப்பின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மேல்மாடியில் ஒரு ஜன்னல். மஞ்சள் திரைச்சீலை.

அவள் வீடு.

பள்ளியிலிருந்து வந்து, அம்மா வரும்வரை மகள் தனியாக இருக்கும் நேரம் இது. அவள் ஃபோனை எடுத்தாள். வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா!" மகளின் குரலில் குதூகலம். "நீ ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"என்னடா குட்டி? என்ன சொல்லல?"

"அப்பா வர்றாருன்னு."

"அங்க யாரு இருக்கா?"

"அப்பாதான். ஆனா தெரிய மாட்டேங்கறாரு. ஒளிஞ்சிக்கிட்டே பேசறாரு. குரலு கார்ட்டூன் மாதிரி கீச்சு கீச்சுன்னு இருக்கும்மா, செம காமெடி."

அப்பா எப்படிச் செத்தார் என்று குழந்தையிடம் யாரும் சொன்னதில்லை. விபத்து என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். கருவியின் காந்தத்தைக் குளிர வைக்கும் ஹீலியம் குகைக்குள் கசிந்த நாள் அது. நிறமில்லாத, மணமில்லாத வாயு. மூச்சு முட்டாது, இருமல் வராது, காற்று போய்விட்டது என்றே தெரியாமல் ஆள் சரிந்துவிடுவான். அதற்கு முன்னால் குரல் மட்டும் மெலிந்து கீச்சிடும். "இங்க ஒருத்தர் விழுந்து கிடக்கறாரு, நான் தூக்கறேன்" என்று இன்டர்காமில் அந்தக் குரல் வந்தபோது கட்டுப்பாட்டு அறை முழுக்கச் சிரித்தது. அவர் பெரிய விளையாட்டுப் பிள்ளை. பிறந்தநாள் பலூனை உறிஞ்சிவிட்டு இப்படித்தான் பேசிக் காட்டுவார். அவளும் சிரித்தாள். "விளையாடாம வேலையப் பாருங்க" என்றாள். அவர் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

"குட்டி, அம்மா சொல்றதக் கேளு. ஜன்னலத் தொற. தொறந்துட்டு வெளிய ஓடி வா."

"கதவும் தொறக்கல, ஜன்னல் தாழ்ப்பாவும் எட்டலம்மா."

"அப்ப கீழ படு. தரையோட தரையா படுத்துக்கோ. எந்திரிக்கவே கூடாது."

"ஏம்மா? அப்பா தூக்கறேன்னு சொல்றாரு."

அவள் ஓடினாள். பிளாஸ்க் சார் ஏதோ கூப்பிட்டார். படிகள், வாகன நிறுத்தம், சாவி. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. கீழ் வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. கூப்பிட வேண்டுமென்றால் இந்தக் குரலை நிறுத்த வேண்டும். அதைச் செய்ய அவளால் முடியவில்லை.

"படுத்துட்டியா குட்டி?"

"படுத்தேன். அப்பா கேக்க மாட்டேங்கறாரு. கூசுதும்மா." ஒரு சிரிப்பு. "ஐ! தூக்கிட்டாரு! தோள்ல!"

வயல்வெளிச் சாலை. இரண்டு பக்கமும் இருட்டு. எதிரே ஒரு வண்டிகூட இல்லை.

"அம்மா, எல்லாம் சின்னதா தெரியுது. அலமாரி மேல ஒரே தூசி."

குரல் மெலிந்திருந்தது. ஃபோனின் கோளாறாக இருக்கட்டும். கடவுளே, ஃபோனின் கோளாறாகவே இருக்கட்டும்.

"என் குரலக் கேளேம்மா! நானும் கார்ட்டூன்!"

"ஏங்க!" அவள் ஸ்டியரிங்கின்மேல் குனிந்து கத்தினாள். "ஏங்க, உங்களுக்குக் கேக்குதா? அவளக் கீழ எறக்குங்க. தயவுசெஞ்சு எறக்கி விட்ருங்க!"

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீச்சு. கீச்சு. சிரிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. பிறகு சிரிப்பு இல்லை. நடை மட்டும். இடது காலைத் தேய்த்து வைக்கும் நடை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி.

குடியிருப்பு. வண்டியின் கதவைக்கூட அவள் சாத்தவில்லை. மாடிப்படியில் அவருடைய சோப்பின் வாசனை, கையில் ஒட்டிய கிரீஸைப் போக்க அவர் தேய்க்கும் ஆரஞ்சு சோப்பு. அவ்வளவு பயத்திலும் அந்த வாசனையில் அவள் நெஞ்சு ஒரு கணம் ஏங்கியது. வீடு திரும்பியிருக்கிறார். இத்தனை நாள் அந்தக் கிராதியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார், இருந்த ஓர் இடத்தையும் அவளே மூடியிருக்கிறாள். வேறு எங்கே போவார்? பெற்ற பிள்ளையைத் தூக்காமல் என்ன செய்வார்? தன்னோடு எதைக் கூட்டி வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை.

அவள் சாவிக்குப் பூட்டு திறந்தது.

உள்ளே போனதும் அவள் மண்டியிட்டாள். ஹீலியம் மேலே போகும், காற்று தரையில் இருக்கும். குகைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் பள்ளிக்கூடப் பை. கவிழ்ந்து கிடக்கும் ஒரு ஷூ. ஃபோன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

விளக்குக்குப் பக்கத்தில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததின் இரண்டு பக்கமும் கால்கள் தொங்கின. வெள்ளைக் காலுறைகள் கணுக்காலில் அமுங்கியிருந்தன, விரல் விரலாக, குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு பிடித்த பிடி. தலை முன்னால் சாய்ந்து, தெரியாத ஒரு தலையின்மேல் கன்னத்தை வைத்திருந்தது. உதடு நீலம்.

அவள் எழுந்து பாய்ந்து அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். பிடி இறுகியது.

"எறக்கி விடுங்க! மேல காத்து இல்லீங்க! புள்ள செத்துரும்!"

அவள் வாயிலிருந்து வந்தது அவள் குரல் இல்லை. பலூனை உறிஞ்சியவர்கள் பேசும் கீச்சுக் குரல்.

நடை நின்றது. மகள் மெல்ல அவள் பக்கம் திரும்பினாள். அவர் திரும்பி நின்று குழந்தையைத் தாய்க்குக் காட்டினார். மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, மெல்லியதாக ஒரு சிரிப்பு. விளையாட்டுக்கு இன்னும் ஒரு ஆள் சேர்ந்துவிட்ட சந்தோஷம்.

அவர் குதித்தார். தோளில் இருக்கும் பிள்ளையைச் சிரிக்க வைக்கக் குதிக்கும் குதி. மகளின் தலை இப்படியும் அப்படியுமாக ஆடி நின்றது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதித்தார்.